கடல் இருந்த இடத்தில் சைக்கிள்

இந்த மாதம் உங்களைச் சிங்கப்பூருக்கு அழைத்துச் செல்லப் போகிறேன். பாஸ்போர்ட் வேண்டாம், சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் போதும். அத்தீவின் தென்கிழக்குக் கரை ஓரமாக ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பூங்கா கிடக்கிறது. அதற்கு ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா என்று பெயர். பரப்பு 185 ஹெக்டேர். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் மரங்கள், நடுவே மிதிவண்டிகளுக்கென்றே போட்ட வழவழப்பான பாதை. ஞாயிற்றுக்கிழமை என்றால் குழந்தை குட்டிகளோடு குடும்பம் குடும்பமாகச் சைக்கிளில் வருவார்கள். வாடகைக்கும் சைக்கிள் கிடைக்கும்.

இயற்கை அழகு என்று நினைத்துக்கொண்டுதான் பலரும் அந்தப் பாதையில் போகிறார்கள். ஆனால் அங்கே மணல், மேடு, கரையின் வளைவு, அதில் நிற்கும் மரம் ஆகிய அத்தனையும் மனிதன் போட்ட கணக்கு. அந்தக் கணக்கைத்தான் இப்பயணத்தில் பார்க்கப் போகிறோம்.

சாங்கி விமான நிலையத்திலிருந்து புறப்படுவோம். விமான நிலையத்தையும் பூங்காவையும் இணைக்கும் பாதை 2020இல் திறக்கப்பட்டது. வழியில் ஆளுயரத்துக்கும் மேலான டைனசார் பொம்மைகளை வைத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. நமக்கு வேடிக்கை காலுக்குக் கீழே இருக்கிறது.

சேற்றைப் பிழிந்த கதை

1960களின் தொடக்கத்தில் சிங்கப்பூரின் பரப்பு சுமார் 580 சதுர கிலோமீட்டர். இன்று அது 730 சதுர கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. தீவு வளரவில்லை, கடலைத் தூர்த்து நிலமாக்கினார்கள். கிழக்குக் கரையில் இவ்வேலை 1966ஆம் ஆண்டு தொடங்கி, ஏழு கட்டங்களாக, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நடந்தது. உட்பகுதியில் இருந்த குன்றுகளைப் பெரிய சக்கரங்களில் வாளிகள் பொருத்திய யந்திரங்களால் சுரண்டி, அந்த மண்ணை ஓடும் பட்டைகள் மூலம் கடற்கரைக்குக் கொண்டுவந்து கொட்டினார்கள். குன்று போன இடத்தில் வீடுகள் வந்தன. கடல் போன இடத்திலும் வீடுகள் வந்தன, நெடுஞ்சாலை வந்தது, இந்தப் பூங்கா வந்தது.

கடலில் மண்ணைக் கொட்டினால் நிலம் வந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். கடலடியில் பாறை இருந்தால் கவலையில்லை. சிங்கப்பூரின் கிழக்கே பல இடங்களில் அடியில் இருப்பது கொழகொழவென்ற கடற்களிமண். சாங்கி பக்கம் சில இடங்களில் அதன் ஆழம் 40 மீட்டருக்கும் மேல். களிமண்ணின் துகள்களுக்கிடையே தண்ணீர் நிறைந்திருக்கும். மேலே மணலைப் பாரமாக ஏற்றினால் அந்தத் தண்ணீர் மெல்ல மெல்லப் பிழியப்பட்டு வெளியேறும், நிலம் தாழும். நனைந்த பஞ்சின் மீது புத்தகத்தை வைத்தாற்போல. பஞ்சு ஒரு நொடியில் பிழிந்துவிடும். களிமண்ணின் நுண்துளைகள் மிகச் சிறியவை. அது பல பத்து ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். அதுவரை விமான ஓடுபாதை காத்திருக்குமா?

இங்கே ஓர் எளிய விதி கைகொடுத்தது. நீர் வெளியேற ஆகும் காலம், அது கடக்கவேண்டிய தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தூரம் பாதியானால் காலம் கால்பங்காகும். 20 மீட்டர் தூரத்தை 1 மீட்டராக்கிவிட்டால் 400இல் ஒரு பங்கு நேரம் போதும். ஆகவே 1990களில் சாங்கியின் கிழக்கே கடலைத் தூர்த்தபோது, நீரை உறிஞ்சி மேலே அனுப்பும் பிளாஸ்டிக் பட்டைகளைச் செங்குத்தாகக் களிமண்ணுக்குள் ஒன்றரை மீட்டர் இடைவெளியில் நெருக்கமாகச் செருகினார்கள். மேலே தேவைக்கும் அதிகமாக மணலைக் குவித்தார்கள். நீர் பக்கவாட்டில் சிறிது தூரம் நகர்ந்து பட்டையை அடைந்து, அதன் வழியே மேலேறி ஓடிவிட்டது. நிலம் தாழவேண்டியது எல்லாம் தாழ்ந்த பிறகு உபரி மணலை அள்ளிவிட்டுக் கட்டட வேலையைத் தொடங்கினார்கள்.

காற்று கேட்கும் கூலி

பூங்காவுக்குள் நுழைந்துவிட்டோம். மேற்கே திரும்புகிறோம். பாதையில் ஏற்றம் இறக்கம் அதிகமில்லை. கொட்டி நிரவிய நிலம் அல்லவா! சமதரையில் சைக்கிள் ஓட்டுபவருக்கு இரண்டே எதிரிகள்: சக்கரம் உருள்வதில் உண்டாகும் தடை ஒன்று, காற்று மற்றொன்று.

காற்றின் தடை, காற்றைச் சார்ந்த உங்கள் வேகத்தின் வர்க்கத்தைப் போல் வளரும். நீங்கள் மணிக்கு 18 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போவதாக வைத்துக்கொள்வோம். அசையாத காற்றில், நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் ஒருவருக்குக் காற்றுத்தடை சுமார் 7.5 நியூட்டன். சக்கரத்தின் தடையை 5 நியூட்டன் எனக் கொள்வோம். மொத்தம் 12.5 நியூட்டன். இதை வேகத்தால் பெருக்கினால் உங்கள் கால்கள் தரவேண்டிய திறன் கிடைக்கும்: ஏறத்தாழ 62 வாட்.

இப்போது நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசட்டும். பெரிய காற்றல்ல, மர இலைகளை அசைக்கும் தென்றல்தான். காற்றைச் சார்ந்த உங்கள் வேகம் 8 மீட்டர். தடை 64க்கு 25 என்ற விகிதத்தில் கூடி 19 நியூட்டனாகிவிடும். அதே வேகத்தில் போக 121 வாட் வேண்டும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் வீசும். அப்போது சார்பு வேகம் 2 மீட்டர்தான், தடை 1.2 நியூட்டன், தேவை 31 வாட்.

“போகும்போது கஷ்டம், வரும்போது சுகம், இரண்டும் சரிக்குச் சரி” என்று சொல்லத் தோன்றும். கூட்டிப் பாருங்கள். 121ஐயும் 31ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 76. காற்றே இல்லாத நாளில் 62 போதும். எதிர்க்காற்று பிடுங்கியதைப் பின்காற்று முழுவதும் திருப்பித் தருவதில்லை. வர்க்க விதி செய்யும் வேலை இது. உங்கள் ஊர்ச் சாலையிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

சிங்கப்பூரில் டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்கிலிருந்து காற்று வீசுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரும்பாலும் தெற்கு, தென்கிழக்குப் பக்கத்திலிருந்து வரும். ஆகவே மேற்கே போகும் நமக்குப் பல நாட்கள் காற்று துணை நிற்கும். திரும்பும் வழிக்குத்தான் தெம்பை மிச்சம் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றும் உண்டு. ஏப்ரல் முதல் நவம்பர் வரையான மாதங்களில் சில நாள் விடியலில், மேற்கே சுமத்ரா தீவின் பக்கம் பிறந்த இடிமேகங்கள் வரிசை கட்டிக்கொண்டு வந்து சேரும். ‘சுமத்ரா’ என்றே அவற்றை அழைக்கிறார்கள். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் திடீர்க் காற்று! அப்போது கணக்குப் போடாமல் இறங்கி ஒதுங்குவதுதான் புத்திசாலித்தனம்.

கரை ஏன் பிறை பிறையாக வளைகிறது?

சற்றே வேகத்தைக் குறைத்துக் கடல் பக்கம் பாருங்கள். கரை நேர்க்கோடாக இல்லை. கருங்கற்களைக் குவித்த ஒரு மேடு கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு அப்பால் பிறைபோல் வளைந்த ஒரு மணற்கரை. மீண்டும் ஒரு கல்மேடு. மீண்டும் ஒரு பிறை. இப்படியே கிலோமீட்டர் கணக்கில் போகிறது. என்னைக் கேட்டால், இப்பூங்காவில் பார்க்கவேண்டிய முதல் அதிசயம் இதுதான். பலர் அந்தக் கற்களின் மேல் உட்கார்ந்து தின்பண்டம் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

குன்று மண்ணைக் கடலில் கொட்டிக் கரையைப் போட்டாயிற்று. அலை அதை விட்டுவைக்குமா? அலை கரைக்கு நேராக வந்து மோதினால் மணல் முன்னும் பின்னும் போய்வரும், அவ்வளவுதான். சாய்வாக வந்து மோதினால்தான் ஆபத்து. ஒவ்வோர் அலையும் மணலைச் சாய்வாக மேலே தள்ளும். நீர் வடியும்போது மணல் நேராகக் கீழே இறங்கும். இப்படி ரம்பப் பல் போன்ற பாதையில் மணல் கரையோரமாகவே நடந்துபோய்விடும். நம் சென்னையில் 1876இல் துறைமுகக் கட்டுமானம் தொடங்கிய பின், வடக்கு நோக்கி நடந்துகொண்டிருந்த மணல் தடுக்கப்பட்டு, தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டதும் இதே மணல் நடையால்தான்.

சிங்கப்பூரின் இந்தக் கரைக்கு முக்கியமான அலைகள் கிழக்கு, தென்கிழக்குத் திசையிலிருந்து சாய்வாக வருகின்றன. மணல் மேற்கே நடக்கிறது. அதைத் தடுக்க இரண்டு வழிகள் இருந்தன. கரை முழுவதும் கல்சுவர் எழுப்பலாம். சுவர் நிற்கும், ஆனால் மணற்கரை இருக்காது, பிள்ளைகள் விளையாட இடம் இருக்காது. மற்றொரு வழியை ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய பொறியியல் பேராசிரியர் ரிச்சர்டு சில்வெஸ்டர் எடுத்துக்காட்டினார். இயற்கையில் இரண்டு பாறை முனைகளுக்கு இடையே இருக்கும் மணற்கரைகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நிலைத்திருக்கின்றனவே, அவற்றின் வடிவம் என்ன என்று அவர் ஆராய்ந்தார். எல்லாம் ஒரே மாதிரியாக வளைந்திருந்தன. அப்படியானால் நாமே முனைகளைக் கட்டிவிட்டு, நடுவே உள்ள கரையை அலையே செதுக்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமே!

அப்படித்தான் செய்தார்கள். அலை எவ்வாறு செதுக்குகிறது? ஆழம் குறைந்த நீரில் அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. 4 மீட்டர் ஆழத்தில் நொடிக்கு 6.3 மீட்டர், 1 மீட்டர் ஆழத்தில் 3.1 மீட்டர். நால்வர் கைகோத்து நடக்கும்போது ஓரத்தில் இருப்பவர் சேற்றில் கால் வைத்துத் தாமதித்தால் வரிசை முழுவதும் அவர் பக்கம் திரும்புமல்லவா? அலைமுகடும் அப்படியே ஆழம் குறைந்த பக்கம் திரும்புகிறது. கண்ணாடிக்குள் நுழையும் ஒளிக்கதிர் திரும்புவதும் இதே காரணத்தால்தான். அத்துடன், கல்முனையின் விளிம்பைத் தொட்ட அலை அதன் மறைவுக்குள்ளும் விசிறிபோல் விரிந்து பரவுகிறது. இரண்டும் சேர்ந்து அலைமுகடுகளை வில்லாக வளைத்துவிடுகின்றன.

தொடக்கத்தில் மணல் நகரும். எங்கே அலை சாய்வாக மோதுகிறதோ அங்கே கரை பின்வாங்கும். பின்வாங்கப் பின்வாங்கக் கரையின் வளைவும் அலையின் வளைவும் ஒன்றோடொன்று பொருந்தி வரும். கடைசியில் பிறையின் எந்த இடத்தில் நின்றாலும் அலை நேராகவே கரையை அடையும். சாய்வு இல்லை, ஆகவே மணல் நடையும் இல்லை. அலையை எதிர்த்து நிற்கும் சுவர் என்றைக்காவது உடையும். இந்தக் கரையோ அலையோடு உடன்பட்டு நிற்கிறது.

ஒரு துப்பறியும் வேலை சொல்கிறேன். பிறையின் இரு பாதிகளும் ஒன்றுபோல் இல்லை என்பதைக் கவனியுங்கள். கிழக்கு முனையின் மறைவில் கரை கொக்கிபோல் நன்றாக வளைந்திருக்கும். மேற்கே போகப்போக வளைவு தளர்ந்து நேராகிவிடும். அந்த நேரான பகுதி எந்தத் திசையை நோக்கி நிற்கிறதோ, ஏறக்குறைய அத்திசையிலிருந்துதான் முக்கியமான அலைகள் வருகின்றன. அலையே இல்லாத அமைதியான நாளிலும், ஏன், வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தும்கூட அலையின் திசையைச் சொல்லிவிடலாம். இத்தனைக்குப் பிறகும் சில இடங்களில் அரிப்பு உண்டு. ஓரிரு மரங்களின் வேர்கள் வெளியே தெரிய நிற்பதைக் காண்பீர்கள். புயலும் உயர்ந்த ஓதமும் சேர்ந்து வரும் நாளில் எந்த உடன்படிக்கையும் சற்று ஆட்டம் காணத்தான் செய்யும்.

சவுக்கும் கப்பல்களும்

மரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குன்றிலிருந்து வெட்டிய அடிமண்ணில் சத்து இல்லை, காற்றில் உப்பு. அங்கே முதலில் நின்று காட்டியவை சவுக்கும் தென்னையும். சவுக்கின் ‘ஊசி இலைகள்’ உண்மையில் இலைகளல்ல, மெல்லிய பச்சைக் கிளைகள். இலைகள் அவற்றின் கணுக்களில் சிறு செதில்களாகச் சுருங்கிவிட்டன. அதனால் நீர் இழப்பு குறைவு. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கித் தருகின்றன. அவரைச் செடிக்கு உள்ள வசதி சவுக்குக்கும் உண்டு. ஆனால் உதவி செய்யும் நுண்ணுயிர் வேறு.

தொலைவில் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கின்றன. பல சமயம் அத்தனை கப்பல்களும் ஒரே திசையைப் பார்க்கும். ராணுவ அணிவகுப்பா? இல்லை. முன்புறம் கட்டப்பட்ட கப்பலை நீரோட்டமும் காற்றும் திருப்பிவிடுகின்றன. ஓதத்தின் ஓட்டம் திசை மாறினால் சில மணி நேரத்தில் எல்லாம் வேறு பக்கம் திரும்பியிருக்கும்.

அதற்கும் அப்பால் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவு, சுமார் 20 கிலோமீட்டரில். உங்கள் கண் கடல் மட்டத்துக்கு 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் 7 கிலோமீட்டரில் முடிந்துவிடும். பிறகு தீவு எப்படித் தெரிகிறது? அதன் மேடுகளும் உயர்ந்த கட்டடங்களும் பூமியின் வளைவுக்கு மேல் தலை நீட்டுகின்றன. கரையிலிருந்து முதல் 13 மீட்டர் உயரம் வரை மறைந்தே இருக்கும். பூமி உருண்டை என்பதற்கு இதைவிட எளிய சாட்சி வேண்டுமா?

கடல் மீண்டும் கேட்கிறது

பூங்காவின் மேற்குப் பகுதிக்கு வந்துவிட்டோம். சைக்கிளைச் சற்று உள்ளே திருப்பினால் காத்தோங் பூங்கா வரும். அங்கே 1879இல் ஒரு கோட்டை கட்டினார்கள். கடலிலிருந்து வரும் பகைக் கப்பல்களைச் சுடக் கட்டியது. 1901இல் அதைக் கைவிட்டார்கள். மண்ணில் புதைந்துபோன அதன் சுவர்களை 2004இல் தோண்டிப் பார்த்தார்கள். இன்று அங்கே நின்றால் கடல் கண்ணுக்கே தெரியாது! பழைய கரை அங்கேதான் இருந்தது. நாம் இதுவரை ஓட்டிவந்த பாதை முழுவதும் அக்காலத்தில் மீன்கள் நீந்திய இடம்.

கொடுத்த இடத்தைக் கடல் மறந்துவிடவில்லை. சிங்கப்பூரின் நிலத்தில் சுமார் 30 சதவிகிதம் சராசரிக் கடல் மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் இருக்கிறது. பூமி சூடேறுவதால் கடல்நீர் விரிவடைகிறது. பனிப்பாறைகளும் உருகிச் சேர்கின்றன. அந்நாட்டில் 2024இல் வெளியான ஆய்வு, கரியமில வாயு வெளியீடு குறையாமல் போனால், 2100ஆம் ஆண்டுக்குள் கடல் மட்டம் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்று கணிக்கிறது. அதனுடன் உயர்ந்த ஓதமும் புயலால் தள்ளப்பட்ட நீரும் சேர்ந்துகொண்டால் நீர் சில மணி நேரத்துக்கு 4, 5 மீட்டர் வரைகூட ஏறக்கூடும். 2011க்குப் பின் புதிதாகத் தூர்க்கும் நிலம் குறைந்தது 4 மீட்டர் உயரம் இருக்கவேண்டும் என்று விதித்தார்கள். அதற்கு முன் 3 மீட்டர்தான். இந்தப் பூங்காவோ அதற்கெல்லாம் முந்தியது.

என்ன செய்வது? கரை முழுவதும் உயரமான சுவர் கட்டலாம். ஆனால் சுவர் கடலைத் தடுப்பதுபோல மழைநீரையும் தடுக்கும். கால்வாய்களின் வாயில் கதவுகளும் பெரிய இறைப்பு நிலையங்களும் வேண்டும். அவையெல்லாம் பூங்காவைத்தான் தின்னும். சைக்கிளில் போகிறவர் கடலைப் பார்க்கவும் முடியாது. 2023 நவம்பரில் சிங்கப்பூர் அரசு வேறொரு யோசனையை அறிவித்தது. பூங்காவுக்கு வெளியே, கடலில், சுமார் 800 ஹெக்டேர் நிலத்தை நீளமாகவும் உயரமாகவும் தூர்ப்பது. அதற்கும் இப்போதைய கரைக்கும் நடுவே அகப்படும் நீரை நன்னீர் ஏரியாக மாற்றிக்கொள்வது. ‘லாங் ஐலண்டு’ என்று அதற்குப் பெயர். புதிதாக 20 கிலோமீட்டர் நீர்முகப் பூங்கா கிடைக்கும் என்கிறார்கள். சேதமும் உண்டு. அலை நின்றுபோனால் நாம் பார்த்த பிறைகளுக்கு வேலையில்லை. உப்புநீரில் வாழும் நண்டும் சிப்பியும் நன்னீரில் வாழா. இந்த இரண்டையும் நிறுத்துப் பார்ப்பது லேசான காரியமல்ல. அதற்கான ஆய்வுகள் பல ஆண்டுகள் நடக்கவேண்டியிருக்கும்.

இந்த ஏற்பாட்டின் சிறிய வடிவத்தை இப்போதே பார்க்கலாம். பூங்காவைத் தாண்டி இன்னும் மேற்கே மிதித்தால் மரினா அணைக்கட்டு. 2008இல் திறந்தது. 350 மீட்டர் அகலமான வாய்க்காலின் குறுக்கே ஒன்பது எஃகுக் கதவுகள். உள்ளே நன்னீர், வெளியே கடல். பெருமழை பெய்து, அந்நேரம் கடல் வற்றியிருந்தால் கதவுகளைத் தாழ்த்துவார்கள். வெள்ளம் தானே கடலுக்கு ஓடிவிடும். கடல் ஏறியிருக்கும்போது பெய்தால்? கதவைத் திறந்தால் கடல் உள்ளே வரும். ஆகவே மூடியபடியே, ஏழு ராட்சத பம்புகள் நீரை இறைத்து வெளியே கொட்டும். ஒவ்வொன்றும் நொடிக்கு 40 கனமீட்டர். கடல் மட்டம் உயர உயர, கதவைத் திறக்கக் கிடைக்கும் நேரம் குறையும். பம்புகள் ஓடும் நேரம் கூடும். இயற்கை இனாமாகச் செய்துவந்த வேலைக்கு மின்சாரக் கட்டணம் செலுத்தவேண்டி வரும்.

சைக்கிளைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் சங்கிலியை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். கடற்காற்றில் வந்த உப்பு அதன்மேல் படிந்திருக்கும். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து மெல்லிய நீர்ப்படலத்தை உண்டாக்கும். அந்த உப்புநீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும். இரும்பின் ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குச் சிறு மின்னோட்டம் பாய்ந்து, துரு வெகு சீக்கிரம் ஏறிவிடும். டயரில் ஒட்டிய மணலையும் தட்டிவிட மறக்காதீர்கள்.